ரத்தம் உறைய ஒரு உறை

வேலந்தாவளம்
9 மார்ச் 2025

அண்ணனுக்கு,

சித்ரா எழுதுவது. என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய். நீ, நான், கோமதி மதினி என மூன்றே பேர் இருக்கும் குடும்ப குரூப்பிலிருந்தும் வெளியேறிவிட்டாய். மதினிக்குப் போன் போட்டால், "அவுக இங்கனதான் இருக்காக, பேச மாட்டாகளாம்" என்று சொல்லிவிட்டு, நீ முகத்தைத் தூக்கி வைத்திருப்பதை எனக்கு நேர்முக வர்ணனை செய்கிறாள். தபாலை பிளாக் செய்ய இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை என்பதால் பேனா வாங்கி வந்து உட்கார்ந்திருக்கிறேன். என் கையெழுத்து எனக்கே அந்நியமாக இருக்கிறது.

நடந்ததில் என் தப்பு எது என்று பத்து நாளாக யோசிக்கிறேன். அறிவியல் தினத்துக்குப் பேச வரச் சொல்லி நம்மூர் நூலகமான வாயனசாலையின் செகரட்டரி டிஜோ கூப்பிட்டான். நீ வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, புத்தக அலமாரிகளுக்கு முன்னால் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாய். நான் பேசியது இவ்வளவுதான்: கஞ்சிக்கோட்டில் எங்கள் லேப்பில் எய்ட்ஸ் கிருமியை எடுத்து, நோய் உண்டாக்கும் சமாச்சாரத்தையெல்லாம் உள்ளேயிருந்து பிடுங்கிவிட்டு, மேலே இருக்கும் உறையையும் கழற்றிவிட்டு, வேறொரு கிருமியின் உறையைப் போடுகிறோம். அப்படி மாற்றிய கிருமி நோயைத் தராது, நாம் ஏற்றி அனுப்பும் மருந்தை உடம்புக்குள் கொண்டுபோய் இறக்கும்.

மலையாளத்தில் சொல்கிறேன் என்று டிஜோ மைக்கை வாங்கினான். உறைக்கு அவன் 'உற' என்றான். மெடிக்கல் ஷாப்பில் பேப்பரில் சுற்றிக் கொடுக்கும் சாமானுக்கும் அங்கே அதே பெயர் என்பது எனக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. எய்ட்ஸ் என்றும் உற என்றும் ஒரே மூச்சில் கேட்ட கூட்டத்துக்கு மட்டும் உடனே ஞாபகம் வந்துவிட்டது. பழைய உறையைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட வேண்டும் என்று டாக்டர் வற்புறுத்துகிறார் என்று அவன் முடித்தபோது எழுந்த கைதட்டல் இன்னும் என் காதில் இருக்கிறது. உன் வேட்டி வெளியே போவதைத்தான் பார்த்தேன்.

அது போகட்டும். காரியத்துக்கு வருகிறேன். உனக்குப் பிறவியிலேயே ரத்தம் உறையாது. முட்டி இடித்தால் உள்ளேயே கசிந்து ஒரு மாதம் படுத்துவிடுகிறாய். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் தொடங்கப்போகும் வைத்தியம் இதற்குத்தான். ரத்தத்தை உறைய வைக்கும் பொருளை உன் உடம்பே செய்துகொள்ளத் தேவையான மரபணுவை இந்தக் கிருமி சுமந்து வரும். ஆறு பேரை எடுக்கிறார்கள், அதில் உன் பெயர் நாலாவது. ஏப்ரல் ஐந்தாம் தேதிக்குள் நீ போய் ஒப்புதல் கையெழுத்துப் போடாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

நோயாளியை வற்புறுத்த மாட்டேன் என்று நான் லேப்பில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதனால் இது வற்புறுத்தல் அல்ல, தகவல். ஏப்ரல் ஐந்து. சனிக்கிழமை.

சித்ரா

*

சக்குபள்ளம்
15-3-2025

உயர்திரு டாக்டர் சித்ரா அவர்களுக்கு,

ஏலக்காய் ஸ்டோர் சூப்பர்வைசர் வேல்முருகன் எழுதிக்கொண்டது. தங்கள் கடிதம் கிடைத்தது. பேனா வாங்கும் அளவுக்குத் தாங்கள் சிரமப்பட்டதற்கு வருந்துகிறேன்.

மேற்படி சம்பவத்துக்குப் பிறகு இங்கே நடப்பது எதுவும் தங்களுக்குத் தெரியாது. வாயனசாலை வாசலில் டிஜோ ஒரு அட்டைப்பெட்டி வைத்திருக்கிறான். ஏதோ தொண்டு நிறுவனத்திடம் அந்தச் சாமானைக் கேட்டு வாங்கி நிரப்பியிருக்கிறான். பெட்டியின்மேல் 'டாக்டர் சித்ராவின் அறிவுரைப்படி' என்று மலையாளத்தில் ஒன்றும் தமிழில் ஒன்றுமாக எழுதி ஒட்டியிருக்கிறான். தமிழில் எழுத்துப்பிழை வேறு. நான் போய்க் கிழித்தேன். அடுத்த நாள் பிழை திருத்தி ஒட்டிவிட்டான்.

ஸ்டோரில் என் கீழே இருபத்திரண்டு பெண்கள் ஏலக்காய் தரம் பிரிக்கிறார்கள். நான் ஒரு குரல் கொடுத்தால் எல்லோரும் தலை குனிந்து வேலை பார்ப்பார்கள். இப்போதும் குனிகிறார்கள், தோள்பட்டை மட்டும் குலுங்குகிறது. மூத்தவள் மாரித்தாய் அக்கா, முகத்தில் சிரிப்பே இல்லாமல், "சூப்பர்வைசரே, ஒங்க தங்கச்சி வச்ச பெட்டி காலியாயிட்டாம். அடுத்த லோடு எப்ப வருதுன்னு கேட்டுச் சொல்லுங்க" என்கிறாள். என் மகள் மோனிஷா பத்தாம் கிளாஸ் படிக்கிற பிள்ளை. அத்தை என்ன வேலை பார்க்கிறாள் என்று ஸ்கூலில் கேட்டால் அவள் என்ன சொல்லுவாள்? ஏலக்காய் வியாபாரம் என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு ரத்தம்தான் உறையாது. உனக்குப் புத்தியிலே எதுவும் உறைக்காது.

இனி காரியம். எனக்கு என் முட்டி பழகிவிட்டது. ஃபிரிட்ஜில் முட்டை வைக்கிற இடத்தில் என் ஊசிமருந்து இருக்கிறது, போட்டுக்கொள்கிறேன், காலம் ஓடுகிறது. எய்ட்ஸ் கிருமியிலிருந்து எடுத்த எதையும் நான் உடம்பில் ஏற்ற மாட்டேன். நீ அதன் பல்லைப் பிடுங்கியிருக்கலாம், சட்டையை மாற்றியிருக்கலாம், பவுடர் பூசிப் பொட்டும் வைத்திருக்கலாம். எனக்கு அது அதுதான். காரணம் கேட்காதே.

உன் மதினி நலம் விசாரிக்கச் சொன்னாள். நான் விசாரிக்கவில்லை.

வேல்முருகன்
சூப்பர்வைசர்

*

வேலந்தாவளம்
19 மார்ச் 2025

சூப்பர்வைசர் அண்ணனுக்கு,

காரணம் கேட்காதே என்றாய். கேட்கவில்லை. வேறொரு சங்கதி சொல்கிறேன்.

நான் குடியிருக்கும் வீட்டுக்காரர் குப்பண்ணனைப் பற்றி உனக்குச் சொன்னதில்லை. இங்கே வாரச்சந்தையில் மாட்டுத் தரகர். என் வேலை என்ன என்று அவருக்குப் புரியவைக்க இரண்டு வருடமாக முயன்று தோற்றிருந்தேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் வாசற்படியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, ஊட்டில் யாருக்காவது சொகமில்லீங்களா என்று வந்து நின்றார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அந்த அட்டைப்பெட்டி உட்பட. பெட்டிக் கதைக்கு அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

பிறகு அந்தப் புது உறை எதனுடையது என்று கேட்டார். வெளிநாட்டில் மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் வாயில் கொப்புளம் வரவைக்கும் ஒரு கிருமியினுடையது என்றேன். கோமாரியா என்று பதறினார். கோமாரி இல்லை, அது வேறு, நாங்கள் எடுப்பது அதன் மேல்தோலை மட்டும், அதிலும் இரண்டு இடத்தில் திருத்தம் செய்கிறோம், அந்தத் தோல் இருந்தால்தான் நமக்கு வேண்டிய ரத்த அணு இதை உள்ளே விடும் என்று சொன்னேன். அப்போதுதான் அவர் முகம் மாறியது.

"இதத்தானுங்க அம்மிணி நாங்க காலங்காலமாச் செய்யறோம்" என்றார். கன்று செத்த பசு மடியைத் தொடவிடாது. தாயில்லாத கன்றைக் கொண்டுபோய் விட்டால் முட்டித் தள்ளும். செத்த கன்றின் தோலை உரித்து அந்தக் கன்றின்மேல் போர்த்தி விட்டால் பசு மோந்து பார்க்குமாம், நக்கிக் கொடுக்குமாம், காம்பைக் கொடுத்துவிடுமாம். "தோலு தன்னோடதுன்னு பட்டுச்சுன்னா, உள்ள இருக்கறது எவங்கன்னுன்னு அது கேக்கறதில்லீங்க." பதினொரு வருடப் படிப்பை அவர் ஒரு பீடி நேரத்தில் முடித்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

அண்ணே, எய்ட்ஸ் கிருமி எந்த அணுவைத் தேடிப் போய் ஆளைக் கெடுக்கிறதோ, அங்கே போக வழி காட்டுவது அதன் பழைய உறைதான். அதை நாங்கள் போடுவதே இல்லை. உள்ளே தன்னைப் பெருக்கிக்கொள்ளும் சரக்கும் இல்லை. ஒரு தடவை போகும், மருந்தை இறக்கும், அத்தோடு அதன் கதை முடிந்தது. உன் உடம்பில்கூட அதை நேராக ஏற்றுவதில்லை. உன் அணுக்களை எடுத்து, வெளியே வைத்துத் திருத்தி, உனக்கே திருப்பித் தருவார்கள்.

இன்னொன்று. உன் பங்குக்கான கிருமியை நான் செய்ய மாட்டேன், சொந்த அண்ணன் என்பதால் எனக்கு அனுமதியில்லை. கல்பாத்திக்காரப் பையன் சுதீப் செய்வான். "நீங்க மாறி நின்னுக்கோங்கோ, நான் பாத்துக்கறேன்" என்று இப்போதே என்னைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டான். கெட்டிக்காரன். சாப்பாட்டுக்கு முன்னால் நான்கு தடவை கை கழுவுவான்.

இதுவும் வற்புறுத்தல் அல்ல. இன்னும் பதினேழு நாள் இருக்கிறது.

சித்ரா

*

சக்குபள்ளம்
26-3-2025

தங்கச்சிக்கு,

குப்பண்ணன் சொன்னதை உன் மதினிக்குப் படித்துக் காட்டினேன். இந்த வைத்தியம் செய்துகொண்டால் ராத்திரியில் நான் மாடு மாதிரிக் கத்துவேனா என்று கேட்டாள். அப்படிக் கத்தினால்தான் இந்த வீட்டில் நான் கூப்பிட்டதும் யாராவது வருவார்கள் என்றேன்.

காரணம் கேட்காதே என்றேன், நீயும் கேட்கவில்லை. அது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால் சொல்லிவிடுகிறேன்.

பெரியமுத்து மாமாவை உனக்கு ஞாபகம் இருக்குமா தெரியவில்லை. அம்மாவின் தம்பி. உன்னைத் தூக்கினால் கை வீங்கும் என்று, ஸ்டோரில் மூட்டை தள்ளும் வண்டியில் உன்னை உட்கார வைத்து, நாம் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளைச் சுற்றித் தள்ளிக்கொண்டு வருவார். அவருக்கும் எனக்கும் ஒரே நோய். அவர் மஞ்சள்காமாலையில் போனார் என்று உனக்குச் சொல்லியிருக்கிறோம். அது பொய்.

தொண்ணூற்றொன்றில் அவர் வழுக்கி விழுந்து இடுப்பில் ரத்தம் கட்டியது. மலைக்குக் கீழே ஒரு ஆஸ்பத்திரியில் ஊரார் ரத்தத்திலிருந்து எடுத்த மருந்தை ஏற்றினார்கள். அந்தக் காலத்தில் சரியாகச் சோதிக்காத ரத்தம். ஆள் எழுந்து நடந்து வந்தார், அம்மா பொங்கல் வைத்தாள். இரண்டு வருடம் கழித்துக் காய்ச்சல் தொடங்கியது. எய்ட்ஸ் என்று அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். பீடிகூடக் குடிக்காத மனுஷன், என்ன குற்றம் செய்தார் என்று அவருக்குக் கடைசிவரை புரியவேயில்லை.

தொண்ணூற்று நாலு ஜூனில், விடாத மழையில் இறந்தார். பாடையைத் தூக்க அப்பாவும் அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேரும் மட்டும் வந்தார்கள். நாலாவது தோள் இல்லை. லயத்தில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. எனக்குப் பன்னிரண்டு வயசு. அப்பா வேண்டாம் என்று தலையாட்டினார். நான் போய்க் கால்மாட்டில் தோள் கொடுத்தேன்.

அன்று ராத்திரி தோள் வீங்கியது. ஒரு மாதம் கையைத் தூக்க முடியவில்லை. கொய்யா மரத்திலிருந்து விழுந்தேன் என்று உன்னிடம் சொன்னோம். எங்கண்ணன் மரமெல்லாம் ஏறுவான் என்று நீ லயம் முழுக்கப் பெருமை பேசிக்கொண்டு திரிந்தாய்.

வியாதியின் பெயர் வெளியே போகக் கூடாது, உனக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும் என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கினார். நீ கல்யாணமே வேண்டாம் என்று போய்விட்டாய். சத்தியம் மட்டும் என்னிடமே தங்கிவிட்டது. அந்த வாயனசாலையில் நீ மைக்கில் அந்தப் பெயரைச் சொன்னபோது ஊர் சிரித்ததற்காக நான் எழுந்து போகவில்லை. என்னால் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

வேல்முருகன்

*

வேலந்தாவளம்
29 மார்ச் 2025

அண்ணே,

கடிதம் வந்தது. நான் தெரியாமல் பேசிவிட்டேன். தெரியாமல் பேசினேன் என்பது ஒரு சமாதானமே இல்லை, இருந்தாலும் வேறு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. கொய்யா மரத்தை நினைத்து நினைத்து நேற்று முழுக்க லேப்பில் ஒரு வேலையும் ஓடவில்லை.

மாமாவுக்கு ஏற்றிய பாட்டிலில் என்ன இருந்தது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அதனால் இதில் என்ன இருக்கிறது என்பதை உனக்கு முழுதாக எழுதுகிறேன். நல்லதை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். கெட்டது இது. திருத்திய அணுக்கள் தங்க இடம் வேண்டும் என்று முதலில் கடுமையான மருந்து கொடுப்பார்கள். முடி கொட்டும், வாய் புண்ணாகும், ஒரு மாதம் தனி அறையில் இருக்க வேண்டும். புதிய மரபணு போய் உட்காரும் இடத்தை எங்களால் முழுக்கத் தீர்மானிக்க முடியாது. தப்பான இடத்தில் உட்கார்ந்தால் பின்னால் ரத்தப் புற்றுநோய் வரும் ஆபத்து கொஞ்சம் உண்டு. அதற்காகப் பதினைந்து வருடம் கூப்பிட்டுச் சோதிப்பார்கள். எல்லாம் செய்தும் பலிக்காமல் போகலாம்.

நீ போகாவிட்டால் எனக்குக் கோபம் வராது. லேப்பில் எழுதிக் கொடுத்ததற்காக இதைச் சொல்லவில்லை. தேதியையும் இனி ஞாபகப்படுத்த மாட்டேன்.

சித்ரா

*

சக்குபள்ளம்
8-4-2025

சித்ராவுக்கு,

நாங்கள் நாலாம் தேதி கோயம்புத்தூர் போய் வந்துவிட்டோம். சொல்லாமல் போனதற்குக் காரணம், நீ ஆஸ்பத்திரி கேட்டில் வந்து நின்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் இது வற்புறுத்தல் அல்ல என்று சொல்லிக்கொண்டிருப்பாய் என்ற பயம்.

டாக்டர் அர்த்தநாரி நல்ல மனுஷன். எனக்குப் புரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம், வைத்தியத்தை என் வாயாலேயே சொல்லச் சொன்னார். "ஒரு பசு இருக்கு சார்" என்று ஆரம்பித்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நான் விடவில்லை. பசு யார், கன்று யார், தோல் யாருடையது, பழைய தோலை ஏன் எறிந்தோம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். நிமி என்று மலையாளத்துச் சிஸ்டர் ஒருத்தி, பரீட்சைக்கு எழுதுகிற மாதிரி குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். முடி, வாய்ப்புண், புற்றுநோய், பதினைந்து வருடம் என்று கெட்டதையும் வரிசையாகச் சொன்னேன். இவ்வளவு தெளிவாக யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். ஒரு மாட்டுத் தரகர் என்றேன். உன் பெயரைச் சொன்னால் வற்புறுத்தலாகிவிடுமே.

பிறகு ஒரு படிவம் கொடுத்தார்கள். குடும்பத்தில் இதே நோய் இருந்தவர் யார், எதனால் இறந்தார் என்று ஒரு கட்டம். எத்தனையோ ஆஸ்பத்திரிப் படிவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பியிருக்கிறேன். கை தானாகவே 'மஞ்' என்று எழுதிவிட்டது. அதை அடித்துவிட்டு, பெரியமுத்து, எய்ட்ஸ், ஆஸ்பத்திரியில் ஏற்றிய ரத்தத்தால், என்று எழுதினேன். கட்டம் பத்தாமல் ஓரத்தில் வளைத்து எழுத வேண்டியிருந்தது.

உன் மதினி பக்கத்திலிருந்து படித்தாள். திரும்பி வரும்போது தேனி பஸ் ஸ்டாண்டில்தான், ஏலக்காய்ச் சாக்கில் எலி போனால்கூட எழுப்பிச் சொல்கிற மனுஷன் கல்யாணமாகிப் பத்தொன்பது வருடமாக இதை எப்படி வயிற்றில் வைத்திருந்தீர்கள் என்று கேட்டாள்.

ஒருத்தியிடம் சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. நேற்று ஸ்டோரில் வேலை முடிந்ததும் எல்லோரையும் உட்காரச் சொல்லி, எங்கள் மாமா எதனால் செத்தார் தெரியுமா என்று ஆரம்பித்தேன். யாரும் நிமிரவில்லை. மாரித்தாய் அக்கா மட்டும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, தெரியும் என்றாள்.

எல்லோருக்கும் தெரியுமாம். அன்றைக்கே தெரியுமாம். நான் முப்பது வருடமாக மூடி மூடி வைத்த ரகசியத்தை இந்த ஊரே எனக்குத் தெரியாமல் மூடி வைத்திருக்கிறது. பிறகு ஏன் ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று கேட்டேன்.

"பயந்து கதவச் சாத்திட்டோம்யா அன்னைக்கி. பன்னெண்டு வயசுப் பிள்ள தோள் கொடுத்துப் போறத சன்னல் வழியாப் பாத்தேன். அதுக்கப்புறம் எந்த மொகத்த வச்சுக்கிட்டு ஒங்கிட்ட அந்தப் பேச்செடுக்க?" என்றாள்.

நான் ஏன் கையெழுத்துப் போட்டேன் என்று நீ கேட்கமாட்டாய், நானே சொல்கிறேன். உன் மூன்றாவது கடிதத்தால்தான். அதில் பாதிக்குமேல் கெட்டதாகவே எழுதியிருந்தாய். மாமாவுக்கு அப்படி ஒரு கடிதம் யாரும் எழுதவில்லை.

அண்ணன்

பி.கு.: உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். அதற்காக உடனே கூப்பிடாதே. பெட்டி இன்னும் வாயனசாலையில்தான் இருக்கிறது.

*

கோயம்புத்தூர், ஆஸ்பத்திரி மூன்றாம் மாடி
22 ஜூலை 2025

அண்ணே,

நீ இருக்கும் அறைக்கும் எனக்கும் நடுவில் இரண்டு கண்ணாடிக் கதவு. போன் கையில்தான் இருக்கிறது, ஆனால் இதைப் பேசினால் அழுதுவிடுவேன். எழுதி நிமி சிஸ்டரிடம் கொடுத்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரித்துக் காட்டச் சொல்கிறேன்.

மொட்டைத் தலை உனக்கு நன்றாக இருக்கிறது. மதினி, பழனிக்குப் போய் முடி இறக்கி வந்த மாதிரி இருக்கிறது என்கிறாள். குப்பண்ணன் காலையிலேயே பஸ் பிடித்து வந்துவிட்டார். உள்ளே விடமாட்டார்கள் என்று சொன்னதற்கு, பரவாயில்லீங்க, கன்னு பசுவுகிட்டப் போறப்ப நான் பக்கத்துல இருந்தாப் போதும் என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். திருத்திய உன் அணுக்கள் இருக்கும் பெட்டியைச் சுதீப் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனான். தொட்டுவிடுவேனோ என்று பயந்து நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

இதை எந்த இன்டர்வியூவிலும் நான் சொன்னதில்லை. ஏன் இந்தப் படிப்புக்கு வந்தாய் என்று கேட்டால் அறிவியல் ஆர்வம் என்பேன். நீ முட்டி வீங்கிப் படுத்திருக்கும்போது, வலி தெரியக்கூடாது என்று என் பாடப்புத்தகத்தை வாங்கிச் சத்தமாகப் படிப்பாய். வலி கூடினால் சத்தமும் கூடும். ஐந்தாம் கிளாஸ் அறிவியல் புத்தகம் முழுக்க எனக்கு அப்படித்தான் மனப்பாடம் ஆனது. நான் வேறு எந்த வேலைக்கும் போயிருக்க முடியாது அண்ணே.

உள்ளே கதவை மூடிவிட்டார்கள். இப்போது ஏற்றுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

சித்ரா

*

சக்குபள்ளம்
14-12-2025

சித்ராவுக்கு,

போனில் சொல்லலாம் என்றுதான் எடுத்தேன். பிறகு இது எழுத வேண்டிய சமாச்சாரம் என்று தோன்றியது.

நேற்றுக் காலை பின்வாசல் படியில் வழுக்கிவிட்டேன். இடது முட்டி நேராகக் கல்லில் போய் மோதியது. சத்தம் கேட்டு உன் மதினி ஓடிவந்தாள், மோனிஷா ஐஸ் கொண்டுவந்தாள். பக்கத்தில் வந்திருந்த மாரித்தாய் அக்கா, உட்காரச் சொல்லாமலேயே உட்கார்ந்துகொண்டாள். என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். முதலில் முட்டிக்குள் சூடு கிளம்பும், அரை மணி நேரத்தில் தோல் இழுக்கும், மத்தியானத்துக்குள் பலாக்காய் அளவுக்கு வந்துவிடும். உன் மருந்து பலித்திருக்கிறது என்று டாக்டர் பேப்பரில் காட்டினார்தான். பேப்பரை நம்பலாம், முட்டியை எப்படி நம்புவது?

மோனிஷா டேப் எடுத்துச் சென்டிமீட்டரில் சுற்றளவு பார்த்தாள். முப்பத்தெட்டு. கால் மணி நேரம் கழித்துப் பார்த்தாள். முப்பத்தெட்டு. நாங்கள் நாலு பேரும் அடுப்பில் பால் பொங்குவதைப் பார்க்கிற மாதிரி என் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்பது மணிக்கு முப்பத்தெட்டு. டேப் கெட்டுப்போயிருக்கும் என்று உன் மதினி சொன்னாள். வலது முட்டியை அளந்தார்கள், அது முப்பத்தாறு, பழைய வீக்கம் தங்கிப்போன இடதைவிட எப்போதும் இரண்டு குறைவுதான். மாரித்தாய் அக்கா விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, வெறும் சிராய்ப்பு என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு எழுந்து போனாள். பத்தரைக்கும் முப்பத்தெட்டுதான்.

எனக்கு நாற்பத்து மூன்று வயசு. விழுந்தால் வலிக்கும், பிறகு வலி போகும், அவ்வளவுதான் என்பது மற்றவர்களுக்கெல்லாம் சிறு வயதிலேயே தெரிந்திருக்கும். எனக்கு நேற்றுதான் தெரிந்தது. ஐஸ் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

உன் மதினி அடுப்படிக்குள் போய்விட்டாள். கொஞ்ச நேரம் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. பிறகு உள்ளேயிருந்தபடியே, "ஏங்க, சும்மாதான உக்காந்திருக்கீங்க. பாலுக்கு உறை ஊத்த மோர் இல்ல, மேல் லயத்துக்குப் போயி வாங்கிட்டு வாங்க" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து, நான் விழுந்து எழுந்த ஒரு நாளில்கூட அவள் என்னை ஒரு வேலை ஏவியதில்லை. குரலில் ஒரு மாற்றமும் இல்லை. எட்டிப் பார்த்தேன், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெங்காயம் எதுவும் நறுக்கவில்லை.

தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு மேல் லயத்துக்குப் படியேறிப் போனேன்.

அண்ணன்